டயர் வால்வு: விரல் நீளக் குழாய்க்கு ஒரு உச்ச நீதிமன்ற வழக்கு

1920ம் ஆண்டு மார்ச் 1ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கு எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பு வரும். டயருக்குக் காற்றடிக்கும் வால்வு, அதன் உள்ளே இருக்கும் ஊசி, மேலே போடும் மூடி, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ்... இந்தச் சில்லறைச் சாமான்களைக் கடைக்காரர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று தயாரித்தவர் உத்தரவு போடலாமா, கூடாதா? இதுதான் கேள்வி. வழக்குப் போட்டது அமெரிக்க அரசாங்கமே. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஏ. ஷ்ரேடர்ஸ் சன்'.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே நாளில் அதே நீதிமன்றம் யு.எஸ். ஸ்டீல் என்ற ராட்சத இரும்பு நிறுவனத்தின் வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. அந்த நிறுவனத்தை உடைத்துப் பிரிக்க வேண்டும் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. 4க்கு 3 என்ற கணக்கில் அரசாங்கம் தோற்றது. மலை தப்பித்துக்கொண்டது, வால்வு மாட்டிக்கொண்டது!

இத்தனை சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய சண்டை ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரப்பருக்குள் காற்றை அடைத்துச் சக்கரத்தில் மாட்டலாம் என்று முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வருடம் 1845. அப்போது அவருக்கு வயது 23. (நம்மில் பலர் அந்த வயதில் அரியர் பேப்பர் எழுதிக்கொண்டிருப்போம், அது வேறு கதை.) 1847ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ரப்பர் விலை அதிகம், அதை வாங்கி மாட்டும் அளவுக்கு அவசரம் யாருக்கும் இல்லை. மோட்டார் வண்டி இல்லை, இன்று நாம் ஓட்டுகிற மாதிரி சைக்கிளும் இல்லை. ஊர் அவரை மறந்துவிட்டது.

நாற்பது வருடம் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று அதே யோசனையைத் தானாகவே கண்டுபிடித்தார். 1888ல் காப்புரிமை கிடைத்தது. 1889ல் காற்று டயர் மாட்டிய சைக்கிள்கள் பந்தயங்களில் ஜெயித்தன. கம்பெனியும் ஆரம்பித்தாயிற்று. அப்புறம்தான் இடி விழுந்தது: இதை ஏற்கனவே தாம்சன் பதிந்துவிட்டார், ஆகவே டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காற்று டயர் என்ற மூல யோசனை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அப்படியானால் பணம் எங்கே இருக்கிறது? உதிரியில். டயரை விளிம்பில் எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதற்குச் சார்லஸ் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் இருவரும் 1890ல் தனித்தனியாக வழி கண்டுபிடித்தார்கள். டன்லப் கம்பெனி அந்த உரிமைகளை விலைக்கு வாங்கித்தான் நிமிர்ந்தது. அதே மாதிரி, உள்ளே போன காற்று வெளியே வராமல் தடுக்கும் வால்வும் ஒரு தனிச் சொத்தாகிவிட்டது.

அந்தக் காலத்து ஆங்கிலேய வால்வுக்கு வுட்ஸ் வால்வு என்று பெயர். டன்லப் வால்வு என்றும் சொல்வார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழகியதுதான். ஒரு சின்ன உலோகத் தண்டு, அதன் பக்கத்தில் ஓட்டை, அதன் மேல் இறுக்கமாக மாட்டிய மெல்லிய ரப்பர் குழாய். பம்பு அடித்தால் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், அடிப்பதை நிறுத்தினால் ரப்பர் ஓட்டையை மூடிக்கொள்ளும். அந்த ரப்பர் குழாயைத்தான் நம் ஊர்ச் சைக்கிள் கடையில் 'வால் டியூப்' என்கிறார்கள். 'வால்வு டியூப்' தேய்ந்து வந்த வார்த்தை. சின்ன வயதில் அதற்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்கள் கணிசமான பேர் இருப்பார்கள் :-)

வுட்ஸ் வால்வு மலிவு, கையாலேயே கழற்றி மாட்டலாம். ஆனால் அதில் ஒரு பெரிய குறை. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்க்க முடியாது. ரப்பர் உள்ளிருந்து வெளியே காற்றை விடாது, அப்புறம் கேஜுக்கு எப்படிக் காற்று வரும்? கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சைக்கிளுக்கு அது போதும். மோட்டார் வண்டிக்குப் போதாது.

(பிரான்சில் எத்தியேன் ஸ்க்ளாவராண்ட் என்பவர் செய்த ஒல்லியான வால்வுதான் இன்று பந்தயச் சைக்கிள்களில் இருக்கும் பிரஸ்டா. 6 மில்லிமீட்டர் தடிமன்தான், உச்சியில் ஒரு குட்டி நட்டு இருக்கும். ஒடுக்கமான விளிம்பில் ஓட்டையும் சின்னதாகப் போதும் என்பது அதன் லாபம். அந்தக் கதையை இதோடு விடலாம்.)

இப்போது அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போவோம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆகஸ்ட் ஷ்ரேடர் 1844ல் மன்ஹாட்டனில் ஒரு பட்டறை போட்டார். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதும் அதே வருடம்தான். காற்றடைத்த தலையணை, மிதவை என்று புதிது புதிதாக ரப்பர் சாமான்கள் வந்தன. அவற்றுக்கெல்லாம் பித்தளையில் வாய் வேண்டுமே? அதைச் செய்து கொடுத்தவர் ஷ்ரேடர். கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்குத் தலைக்கவசமும் காற்று பம்பும் கூடச் செய்தார். டயர் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, காற்றை அடைத்து வைப்பதுதான் அவர் தொழில். ஆகவே 1890 வாக்கில் இங்கிலாந்திலிருந்து காற்று டயர் அமெரிக்காவுக்கு வந்தபோது அவர் பட்டறை தயாராக இருந்தது. 1893ல் டயர் வால்வுக்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு மகன் காலத்தில் நிறுவனம் 'ஏ. ஷ்ரேடர்ஸ் சன்' என்ற பெயரில் புரூக்ளினில் வளர்ந்தது.

இன்று கார், பைக், லாரி எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஷ்ரேடர் வால்வுதான். வெளியே ஒரு குழாய், உள்ளே திருகி வைத்த ஒரு நெஞ்சு, அதன் நடுவே ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி. ஊசியை அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும். ஸ்பிரிங் மட்டுமல்ல, டயருக்குள் இருக்கும் காற்றே அதைத் தள்ளி மூடி வைக்கிறது. ஊசியை அமுக்கினால் காற்று இரண்டு பக்கமும் போகும் என்பதுதான் முக்கியமான விஷயம். வுட்ஸ் வால்வில் முடியாதது இதில் முடிந்தது: கேஜை வைத்து அமுக்கினால் உள்ளே இருக்கும் அழுத்தம் தெரிந்துவிடும்.

பம்பின் வாய், கேஜின் வாய், மூடியின் மரை எல்லாம் ஒரே அளவு. எந்த ஊர் வண்டியானாலும் எந்த ஊர்ப் பம்பானாலும் பொருந்தும். ஒருவர் ஷ்ரேடர் வால்வு உள்ள டயர் வாங்கினால் கேஜ் விற்பவருக்கு வியாபாரம். கேஜ் பரவினால் வால்வுக்கு வியாபாரம். இரண்டையும் ஒரே நிறுவனம் செய்தால்? முதல் வால்வின் 17 வருடக் காப்புரிமை 1910ல் முடிந்த பிறகும் அந்த நிறுவனத்தின் பிடி தளராததற்கு இந்த ஒரே அளவும் ஒரு காரணம் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது வழக்கு. ஷ்ரேடர்ஸ் சன் தன் சரக்கை இரண்டு வகை ஆட்களுக்கு விற்றது. ஒன்று, டயர் கம்பெனிகள். இரண்டு, கடைகளுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிகள். எல்லோரிடமும் ஒரே வாசகம் கொண்ட ஒப்பந்தம். நிறுவனம் குறித்த விலைக்குத்தான் சரக்கைத் திருப்பி விற்க வேண்டும். கையெழுத்துப் போடாதவருக்குச் சரக்கு கிடையாது. நம் ஊரில் பாக்கெட் மேல் அச்சடிக்கும் எம்.ஆர்.பி. ஒரு கூரை, அதற்கு மேல் போகக்கூடாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். ஷ்ரேடரின் ஒப்பந்தம் போட்டது தரை. அதற்குக் கீழே போகக்கூடாது.

எந்த உற்பத்தியாளராவது கடைக்காரர் விலையைக் குறைத்து விற்பதைத் தடுப்பாரா? குறைத்தால் விற்பனை கூடத்தானே செய்யும்? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் அந்தக் காலத்து உற்பத்தியாளர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். பெயர் பெற்ற ஒரு பொருளைப் பெரிய கடை ஒன்று ஆள் சேர்ப்பதற்காக வாங்கிய விலைக்கே கொடுக்கிறது என்று வையுங்கள். பக்கத்துச் சின்னக் கடைக்காரர் 'எனக்கு இதில் லாபமில்லை' என்று அந்தப் பொருளை வைப்பதையே நிறுத்திவிடுவார். வால்வு ஊசி மாதிரியான சாமானுக்கு இது பெரிய அடி. நடுவழியில் டயர் இறங்கி நிற்பவருக்கு அது கண்ணில் படும் முதல் கடையில் கிடைக்க வேண்டும். பெரிய கடையில் மலிவாகக் கிடைத்து என்ன பிரயோஜனம்?

மறுபக்கமும் லேசானதல்ல. காசு கொடுத்து வாங்கிய பிறகு அது யாருடைய பொருள்? வியாபாரிகள் எல்லோரும் ஒன்றுகூடி 'இதற்குக் கீழே விற்பதில்லை' என்று முடிவு செய்தால் சட்டப்படி அது குற்றம். அதையே உற்பத்தியாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிச் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா? 1911ல் டாக்டர் மைல்ஸ் என்ற மருந்துக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆகாது என்று சொல்லியிருந்தது.

குழப்பம் 1919ல் வந்தது. கோல்கேட் சோப்புக் கம்பெனியும் இதே மாதிரி விலையைப் பிடித்து வைத்திருந்தது. ஒரே வித்தியாசம், அங்கே ஒப்பந்தம் இருந்ததாகக் குற்றப்பத்திரிகையில் காட்டப்படவில்லை. 'இந்த விலைக்கு விற்காதவருக்குச் சரக்கு தரமாட்டோம்' என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அப்படியே செய்தது. யாருக்கு விற்பது என்பது வியாபாரியின் இஷ்டம் என்று நீதிமன்றம் அதை விட்டுவிட்டது.

ஷ்ரேடர் வழக்கு ஒஹையோ மாநிலத்தில் நீதிபதி வெஸ்டன்ஹேவர் முன்னால் வந்தது. அவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவே இல்லை. கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொள்வதும் வாய் பேசாமல் ஒத்துக்கொள்வதும் நடைமுறையில் ஒன்றுதானே, கோல்கேட்டுக்கு ஒரு நியாயம், ஷ்ரேடருக்கு ஒரு நியாயமா என்று குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார். அரசாங்கம் மேலே போனது. நீதிபதி மெக்ரேனால்ட்ஸ் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டு, கேட்காதவருக்கு விற்காமலிருப்பது ஒன்று. வியாபாரியை ஒப்பந்தத்தால் கட்டிப்போடுவது வேறொன்று. முன்னது உரிமை, பின்னது குற்றம். ஹோம்ஸும் பிராண்டைஸும் மாறுபட்டார்கள். பெரிய நிறுவனங்களைப் பிடிக்காதவர் என்று பெயரெடுத்த பிராண்டைஸ் இந்த விஷயத்தில் உற்பத்தியாளர் பக்கம் நின்றது முரண்பாடு இல்லை. கண்டபடி விலையைக் குறைப்பதால் சாவது சின்னக் கடைக்காரர்தான் என்று அவர் 1913லேயே எழுதியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் வெஸ்டன்ஹேவர் கேட்டது நல்ல கேள்விதான். 1920ல் போட்ட கோட்டினால் நடந்தது என்ன? விலையைப் பிடித்து வைக்க நினைத்த கம்பெனிகள் அதைக் கைவிடவில்லை. வியாபாரியோடு பேசாமல், எழுதாமல், 'எங்கள் கொள்கை இது' என்று மட்டும் அறிவிக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் 2007ல் தோல் பெல்ட், கைப்பை விற்கும் லீஜின் என்ற நிறுவனத்தின் வழக்கில், 5க்கு 4 என்ற கணக்கில், டாக்டர் மைல்ஸ் விதியையே உச்ச நீதிமன்றம் கைவிட்டது. குறைந்தபட்ச விலை ஒப்பந்தம் என்றாலே குற்றம் என்ற நிலை போய், ஒவ்வொன்றையும் அதன் விளைவைப் பார்த்து எடைபோட வேண்டும் என்று ஆயிற்று.

விலைச் சண்டை இருக்கட்டும். அந்தக் குற்றப்பத்திரிகையில் வால்வோடு கூட இருந்த இன்னொரு சாமான், காற்றழுத்தக் கேஜ். அதன் கதையில் உயிர்ச் சேதமும் இருக்கிறது.

கேஜ் இரண்டு ஜாதி. பேனா மாதிரி இருப்பதில் ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும். காற்று தள்ளத் தள்ள, எண்கள் போட்ட குச்சி வெளியே நீண்டு அப்படியே நிற்கும். முள் சுற்றுவதில் பெரும்பாலும் இருப்பது, பாரிஸில் யூஜின் பூர்டோன் 1849ல் காப்புரிமை வாங்கிய உபாயம்: வளைத்த தட்டையான உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவை முள்ளுக்கு மாற்றிவிடலாம். நீராவி இஞ்சினுக்காகப் பிறந்தது பின்னால் டயருக்கு வந்தது. இரண்டில் எது நல்லது? பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், விலையும் குறைவு. முள் கேஜைப் படிப்பது சுலபம், ஆனால் கீழே போட்டால் கணக்கு தப்பிவிடும். வாங்கும்போது ஒன்று பார்த்தால் போதும்: வழக்கமாக அடிக்கும் அழுத்தம் அளவுகோலின் நடுவில் வர வேண்டும். காருக்கு 30 பி.எஸ்.ஐ. அடிப்பவர் 160 வரை காட்டும் லாரி கேஜை வாங்கினால், முள் ஒரு ஓரத்தில்தான் அசையும்.

கேஜ் எதற்கு, கண் போதாதா? போதாது. ஆரம்ப கால மோட்டார் டயர்கள் ஒல்லி, அழுத்தம் அதிகம். 1923ல் ஃபயர்ஸ்டோன் 'பலூன்' டயரைக் கொண்டுவந்த பிறகு டயர் அகலமானது, அழுத்தம் குறைந்தது. பிறகு ரேடியல் டயர் வந்தது. அதன் பக்கச் சுவர் இயல்பாகவே கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். ஆகவே காற்றுக் குறைந்த டயரும் சரியான டயரும் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். குறைந்த காற்றில் ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் நசுங்கி எழும், அதனால் சூடேறும், சூடு ரப்பரைப் பிரிக்கும்.

இதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரியது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. வேகமாகப் போகும்போது மேல் பட்டை உரிந்து வண்டி உருண்டது. இறந்தவர்கள் 200 பேருக்கும் மேல். ஃபோர்டு அந்த டயருக்குச் சொன்ன அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. டயர் கம்பெனி பிறகு 30 என்றது. டயர் சரியில்லை என்றார் ஒருவர், வண்டி சரியில்லை என்றார் மற்றவர். 1906ல் தொடங்கிய வியாபார உறவு 2001ல் முறிந்தது. யார் பக்கம் எவ்வளவு தப்பு என்பது ஒருபுறம் இருக்க, 26ல் தொடங்கும் டயர், வழக்கம் போலக் கவனிக்காமல் விட்டு இன்னும் நாலைந்து குறைந்தால் ஆபத்துக்கு மிச்சம் இடைவெளியே இல்லை என்பது மட்டும் தெளிவு.

2000 நவம்பர் 1ல் புதுச் சட்டம் வந்தது. டயரில் காற்றுக் குறைந்தால் வண்டியே ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும் என்றது. விதி எழுதுவதில் இழுபறி, நடுவில் ஒரு கோர்ட்டு வழக்கு. கடைசியில் 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது. குறித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரியும். பல வண்டிகளில் அந்த உணர்கருவி உட்கார்ந்திருக்கும் இடம் வால்வின் அடிப்பாகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அழுத்தத்தைக் கண்காணிக்கச் சட்டம் போட்டவர்களை அடுத்த வருடமே சாதாரண ரப்பர் வால்வு கவிழ்த்தது. டியூப் இல்லாத டயர்கள் 1955 வாக்கில் அமெரிக்கக் கார்களில் பரவியதும், விளிம்பின் ஓட்டையில் இழுத்து மாட்டும் ரப்பர் வால்வு வழக்கமாகியிருந்தது. அதில் சர்வசாதாரணமானது டி.ஆர்.413 என்ற எண். 2008ல் டெக் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், சீனாவில் செய்து வாங்கிய சுமார் 60 லட்சம் டி.ஆர்.413 வால்வுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காற்றில் உள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெளிப்புறம் வெடித்தது, காற்று மெல்லக் கசிந்தது. அதைத் தடுக்கும் மருந்து ரப்பரில் போதுமான அளவு கலக்கப்படவில்லை.

ஆகவே வால்வு வாங்குபவர் பார்க்க வேண்டியது விலை அல்ல. மாட்டும் ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. பாரம் ஏற்றும் வண்டிக்கு அதற்கென்று உள்ள தடித்த வகையோ, நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். ஓட்டையின் அளவு பொருந்த வேண்டும், காருக்குப் பெரும்பாலும் 11.5 மில்லிமீட்டர். டயர் மாற்றும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் மாற்றிவிடுவது நல்லது. டயர் விலையில் அது ஒரு தூசு. நடுவில் எப்போதாவது வால்வை லேசாக வளைத்து அடிப்பாகத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். பஞ்சர் கடையில் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, அது முழுக்க முழுக்கச் சரியான சோதனை. அருவருப்பாக இருந்தால் சோப்புத் தண்ணீர். குமிழி வந்தால் பெரும்பாலும் நெஞ்சைக் கொஞ்சம் இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். மூடியைத் தொலைத்தால் மண் ஊசியில் போய் உட்காரும், கசிவு அங்கேதான் தொடங்கும்.

அழுத்தம் பார்ப்பது காலையில், வண்டியை எடுக்கும் முன். ஓடிய டயர் சூடாகி அதிகம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைவாக இருக்கும். வெப்பம் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் மாறினால் கார் டயரில் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும்.

உணர்கருவி உள்ள கார்களில் ஒரு தனிச் சங்கடம். அவற்றில் பலவற்றின் தண்டு அலுமினியம். அதற்குள் போட வேண்டியது நிக்கல் பூசிய நெஞ்சு. அவசரத்தில் கடைக்காரர் டப்பாவில் கிடக்கும் சாதாரணப் பித்தளை நெஞ்சைத் திருகிவிட்டால், ஈரம் பட்டு இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நெஞ்சைக் கழற்ற முயன்றால் தண்டு உடையும், பல வண்டிகளில் உணர்கருவியோடு சேர்த்தே மாற்ற வேண்டி வரும். அந்த உணர்கருவிகளைப் பெரிய அளவில் செய்துவரும் இடங்களில் ஒன்று வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம். ஷ்ரேடர் பெயரில் நடந்த அந்தத் தொழில் 2014ல் சென்சாட்டா என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆண்ட்ரிமிலிருந்து டன்லப் மகனின் சைக்கிளுக்கு டயர் செய்த பெல்ஃபாஸ்ட், காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது.